காசைப் படமெடுக்கக் கேமராவா முக்கியம்?

பழங்காசுகளைப் படமெடுக்க நினைப்பவர் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரியே வருகிறது: மெகாபிக்சல் கூடுதலாக இருக்கட்டும், சென்சார் பெரிதாக இருக்கட்டும், கையிருப்பு அனுமதிக்கும் வரை விலை உயர்ந்ததாக இருக்கட்டும். சேகரிப்பாளர்களிடமும் கேமரா விற்பவர்களிடமும் இந்தக் கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டாலும் செய்து பார்த்தாலும் அது நிற்பதில்லை. காசுப் படத்தின் தரத்தை முதலில் தீர்மானிப்பது வெளிச்சம் வரும் திசை. அடுத்து, காசின் முகமும் சென்சாரும் சாய்வின்றி நேருக்கு நேர் இருப்பது. மூன்றாவது, அசைவின்மை. நான்காவது, லென்ஸ். கேமராவின் முறை இந்த நான்குக்கும் பிறகே வருகிறது. செலவை மட்டும் இந்த வரிசைக்கு நேர் எதிராகச் செய்வதே பெருவழக்கு.

காசு என்பது உலோகத்தில் எழுந்த மேடு பள்ளம். அதில் எழுத்துக்கும் உருவத்துக்கும் தனி நிறம் கிடையாது. மை தடவிய ஓலையில் எழுத்து கறுப்பு, ஓலை பழுப்பு. எந்த வெளிச்சத்திலும் இரண்டும் பிரிந்து தெரியும். காசில் எழுத்தும் தரையும் ஒரே செம்பு, ஒரே வெள்ளி. மேட்டின் ஒரு பக்கம் வெளிச்சம் பட்டு, மறுபக்கம் நிழல் விழுந்தால்தான் கண்ணுக்கு எழுத்து உண்டு. நிழல் இல்லாத இடத்தில் எந்தக் கேமராவும் நிழலைப் படைத்துத் தராது.

இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற காசு புதுச்சேரியின் சொந்தக் காசே. பிரெஞ்சுக்காரர் அங்கே வெளியிட்ட சிறு செப்புத் துட்டின் ஒரு பக்கத்தில் பிரெஞ்சு அரசின் லில்லிப் பூச்சின்னம், மறுபக்கத்தில் தமிழ் எழுத்தில் ‘புதுச்சேரி’. 1836 என்ற ஆண்டு பொறித்த பிற்காலக் காசில் பூ இருந்த இடத்தில் சேவல் நிற்கிறது. பழைய துட்டு சிறியது, தடித்தது, ஓரம் ஒழுங்கற்றது. பல கை மாறித் தேய்ந்தது. அதை அறையின் டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்துப் படமெடுத்தால் கிடைப்பது ஒரு பழுப்பு வில்லை மட்டுமே. அதே காசை, அதே கேமராவில், ஒற்றை விளக்கை மேசை மட்டத்திலிருந்து 20 பாகை உயரத்துக்குத் தாழ்த்தி எடுத்தால் எழுத்துகள் எழும். விளக்கை அதே உயரத்தில் கால் வட்டம் நகர்த்தினால் இன்னொரு மாற்றம் நடக்கும்: ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் கோடுகள் நிழலிழந்து மங்கும், குறுக்கே ஓடும் கோடுகள் தெளியும். ‘து’வின் கீழ்வளைவு ஒரு படத்தில் இருக்கும், அடுத்த படத்தில் இருக்காது. இவ்வளவு வேறுபாட்டையும் உண்டாக்கியது விளக்கு. கேமராவில் ஒரு பொத்தானும் மாறவில்லை.

மெகாபிக்சல் வாதத்தை எண்களால் அளந்து பார்க்கலாம். இன்று புழங்கும் 2011 வரிசை ஒரு ரூபாய்க் காசின் விட்டம் 22 மி.மீ. நடுத்தரக் கேமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி. சென்சாரின் குறுகிய பக்கம் 15.6 மி.மீ.; 24 மெகாபிக்சல் என்றால் அந்தப் பக்கத்தில் 4,000 பிக்சல். சட்டத்தின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கு காசாக இருக்கும்படி எடுத்தால் விட்டத்தின் குறுக்கே 3,600 பிக்சல் விழும். அச்சகம் கேட்கும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் அதை 30 செ.மீ. அகலத்துக்கு அச்சிடலாம், அதாவது காசின் அளவைப் போல 14 மடங்குக்குச் சற்றுக் குறைவு. நாணய நூல்கள் காசை உண்மை அளவிலோ இரு மடங்காகவோ அச்சிடுகின்றன. இரு மடங்குக்கு 520 பிக்சல் போதும். பத்தாண்டுக்கு முந்தைய 12 மெகாபிக்சல் கேமராவே இதைப்போல் ஐந்து மடங்கு தருகிறது.

45 மெகாபிக்சல் வாங்கினால் விவரம் இரு மடங்காகும் என்று நம்புபவர்கள் பரப்பையும் நீளத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். மெகாபிக்சல் பரப்பின் அளவு. கோட்டைப் பிரித்துக் காட்டும் திறன் நீளத்தின் அளவு. 24-லிருந்து 45-க்குப் போனால் காசின் குறுக்கே விழும் பிக்சல் கூடுவது 1.37 மடங்கு மட்டுமே. அந்தக் கூடுதலும் கைக்கு வந்து சேர, லென்ஸும் ஃபோகஸும் அசைவின்மையும் அதே அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். மேலே சொன்ன ஏற்பாட்டில் ஒரு பிக்சல் காசின் மேல் 6 மைக்ரான் இடத்தைப் பார்க்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் காசோ கேமராவோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு நகர்ந்தாலே மூன்று பிக்சல் கலைந்துபோகும். ஆடும் மேசையில் 45 மெகாபிக்சல் தருவது, கூடுதல் துல்லியத்தோடு பதிந்த ஆட்டத்தைத்தான்.

பெரிய சென்சார் வேண்டும் என்ற வாதம் திருமணப் படப்பிடிப்பிலிருந்து வந்தது. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில், ஆள் நடமாடும்போது, ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தித்தான் ஆக வேண்டும்; அப்போது பெரிய சென்சாரில் புள்ளி இரைச்சல் குறைவு. காசு ஓடப்போவதில்லை. ஐ.எஸ்.ஓ. 100-இல் நிறுத்திவிட்டு ஷட்டரை அரை நொடி திறந்து வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். ஆகவே பெரிய சென்சாரின் முதன்மையான ஆதாயம் இங்கே வேலையற்றுப் போகிறது.

படத்தின் ஆழத்திலும் அதற்கு ஆதாயமில்லை. அதே ஒரு ரூபாய்க் காசு ஏ.பி.எஸ்.-சி. சட்டத்தை நிரப்ப 0.64 மடங்கு உருவளவு (சென்சாரில் விழும் பிம்பத்துக்கும் காசுக்கும் உள்ள அளவு விகிதம்) போதும். 36-க்கு 24 மி.மீ. உள்ள முழுச் சட்ட சென்சாரை நிரப்பக் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று தேவை. உருவளவு ஏற ஏற ஃபோகஸ் நிற்கும் ஆழம் குறைகிறது. அதே ஆழத்தைப் பெற முழுச் சட்டத்தில் அபெர்ச்சரைக் கூடுதலாக மூட வேண்டும். மூடினால் ஒளி விளிம்பில் வளைந்து பரவும் மங்கல் கூடுகிறது. கூட்டிக் கழித்தால், ஒரே ஆழத்துக்கு ஒரே மங்கல். காசின் மேல் அளந்தால் இரண்டு சென்சாரும் சமமாக நிற்கின்றன. இது இயற்பியல் வைத்த எல்லை. விலைப்பட்டியலால் அதைத் தாண்ட முடியாது.

இதே எல்லைதான் இன்னொரு பரவலான அறிவுரையையும் பொய்யாக்குகிறது. நெருங்கி எடுக்கும்போது அபெர்ச்சரை எஃப் 16, எஃப் 22 என்று இயன்றவரை மூட வேண்டும் என்கிறார்கள். நெருக்கத்தில் லென்ஸின் உண்மையான எஃப் எண், எழுதியிருப்பதைவிடப் பெரியது. உருவளவோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் கிடைப்பதே நடைமுறை எண். 0.64 மடங்கில் எஃப் 22 என்பது உண்மையில் எஃப் 36. அந்த நிலையில் ஒரு புள்ளியின் ஒளி ஏறத்தாழ 48 மைக்ரான் அகல வட்டமாகப் பரவுகிறது; 24 மெகாபிக்சல் சென்சாரில் அது 12 பிக்சல். எஃப் 8-இல் அதே வட்டம் நாலரைப் பிக்சல், எஃப் 5.6-இல் மூன்றுக்குச் சற்று மேல். இரண்டு பிக்சலுக்கு மேல் கலங்கக் கூடாது என்று கறாராக வைத்துக்கொண்டாலும், எஃப் 5.6-இல் 0.35 மி.மீ. ஆழமும் எஃப் 8-இல் அரை மி.மீ. ஆழமும் கிடைக்கின்றன. தட்டையாக அச்சடித்த காசுக்கு இது போதும். குவிந்தோ குழிந்தோ இருக்கும் பழங்காசுக்கு, ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் இணைப்பதே வழி. எஃப் 22 ஆழத்தைக் கொடுத்துக் கூர்மையைப் பிடுங்கிக்கொள்ளும்.

லென்ஸுக்கு வந்தால், கேமராவோடு சேர்த்து விற்கும் 18–55 மி.மீ. லென்ஸ் காசுக்கு உதவாது என்ற பேச்சும் பாதி உண்மைதான். அந்த வகை லென்ஸ்கள் 0.3 மடங்கு உருவளவுக்கு அருகில் எட்டுகின்றன. ஒரு ரூபாய்க் காசுக்கு அது சுமார் 1,700 பிக்சல் தரும், 14 செ.மீ. அகலத்துக்கு அச்சிடலாம். 27 மி.மீ. பத்து ரூபாய்க் காசுக்கும் 30.5 மி.மீ. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்க்கும் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். அந்த லென்ஸ் தோற்கும் இடம் விஜயநகரக் காலத் தங்கப் பணம் போன்ற மிகச் சிறு காசு. ஆறு மி.மீ. பணத்துக்கு அதில் விழுவது 460 பிக்சல் மட்டுமே. அங்கே மேக்ரோ லென்ஸ் உண்மையான தேவை.

மேக்ரோ லென்ஸிலும் விலையைவிடக் குவியத் தூரத்தைப் பார்ப்பதே முறை. 50, 60 மி.மீ. லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று அளவில் காசுக்குப் பத்து செ.மீ.க்கும் குறைவான நெருக்கத்தில் வந்து உட்காரும். விளக்குக்கு இடமிராது, லென்ஸின் நிழலே காசின் மேல் விழும். 90 முதல் 105 மி.மீ. வரையுள்ளவை அதே அளவில் பதினைந்து செ.மீ.க்கு அருகில் இடைவெளி விடும். அந்த இடைவெளிக்காகக் கொடுக்கும் பணம்தான் பயனுள்ள பணம், ஏனென்றால் வெளிச்சம் நுழையும் வழி அதுவே. புதிது வாங்க இயலாதவருக்கு வேறு வழிகள் உண்டு. சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் செருகினால், நீட்டிய நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்த அளவு, அதாவது அரை மடங்கு உருவளவு கிடைக்கும். ஃபிலிம் காலத்து என்லார்ஜர் லென்ஸ்கள் தட்டையான நெகட்டிவைத் தட்டையான காகிதத்தில் விழவைக்கச் செய்தவை. ஓரம் வரை கூர்மை குறையாத அவை, பெல்லோஸில் மாட்டினால் காசுக்குப் பொருந்துகின்றன. தானியங்கி ஃபோகஸ் இல்லை என்பது இங்கே குறையாகாது.

வெளிச்சத்தைப் பற்றிய பொது நம்பிக்கைகள் கேமராவைப் பற்றியவற்றைவிடக் கெடுதல் செய்கின்றன. முதலாவது, ஃபிளாஷ் போட்டால் தெளிவாக வரும் என்பது. கேமராவின் தலையிலிருக்கும் ஃபிளாஷ், லென்ஸுக்கு மிக அருகிலிருந்து ஒரே வெடிப்பாக ஒளியை விடுகிறது; நெருக்கத்தில் ஒரு பாதியை லென்ஸே மறைக்கும், மறுபாதி வெளுத்துப் போகும். இரண்டாவது, வட்ட விளக்கு. அது எல்லாப் பக்கமும் சமமாக ஒளி தருவதால் எல்லா நிழலையும் சமமாக அழிக்கிறது. மூன்றாவது, நகைக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளைத் துணிப் பெட்டி. கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பை அது அடக்குகிறது என்பது உண்மை. அதோடு சேர்த்து, புழங்காத காசின் முகத்தில் ஆரங்களாக ஓடும் மினுக்கத்தையும் தேய்ந்த காசின் கடைசி நிழலையும் அடக்கிவிடுகிறது. வளையலுக்கு அது பொருந்தும். காசு அதில் சாம்பல் நிறத் தட்டாகிவிடும்.

சரியான ஏற்பாடு எளிது. சிறிய எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, வளையும் கழுத்து உள்ளவை. கடிகார முகத்தைக் காசின் மேல் வைத்துப் பார்த்தால், பத்து மணி இடத்தில் ஒன்று, இரண்டு மணி இடத்தில் ஒன்று. ஒன்றைச் சற்று மங்கலாகவோ தள்ளியோ வைத்தால் நிழலுக்கு ஒரு திசை இருக்கும். தேய்ந்த செம்புக்கு விளக்கு தாழ்வாக, 15 முதல் 30 பாகையில். எழுத்து புடைத்து நிற்கும் வெள்ளிக்கு உயரமாக, 50 முதல் 70 பாகையில். பிரெஞ்சு கவர்னர் துய்மா 1736-இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகானிடம் உரிமை பெற்ற பிறகு புதுச்சேரியில் அடித்த ரூபாயை எடுத்துக்கொண்டால், அதன் பாரசீக எழுத்துகள் தடித்து உயர்ந்தவை. துட்டுக்கு ஏற்ற தாழ்ந்த விளக்கை அதற்கு வைத்தால் ஓர் எழுத்தின் நிழல் அடுத்த எழுத்தின் மேல் விழுந்து, புதுச்சேரி அக்கசாலையை அடையாளம் காட்டும் பிறைக்குறியே அதில் மறையக்கூடும். கண்ணாடிபோல் பளிச்சிடும் புரூஃப் காசுக்கு மூன்றாவது வழி: லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை 45 பாகை சாய்த்து, பக்கத்திலிருந்து வரும் ஒளியை அதில் பட்டுக் காசின் மேல் நேராக விழச் செய்வது. ஒரே ஊரில் அடித்த இரு காசுகளுக்கே இரண்டு வெளிச்சம் வேண்டியிருக்கிறது. இந்த முடிவைக் கேமராவின் எந்தத் தானியங்கி முறையும் எடுக்காது.

ஒளியின் திசை அழகுக்கான விஷயம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. உண்மையில் அது வாசிப்புக்கான விஷயம். ஒளி மேலிருந்து வருகிறது என்றே மனிதக் கண் எடுத்துக்கொள்கிறது. படத்தில் ஒளி கீழிருந்து வந்தால் புடைப்பு பள்ளமாகவும் பள்ளம் புடைப்பாகவும் மாறித் தெரியும். தலைகீழாக எடுத்த காசைக் கணினியில் திருப்புபவர் இந்தப் பிழையைத் தம் கையாலேயே உண்டாக்குகிறார். திருப்ப வேண்டியது காசை, அதுவும் எடுப்பதற்கு முன்.

தமிழ்நாட்டு நாணயவியலில் இதன் எடை பெரிது. சங்க காலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசில் ‘பெருவழுதி’ என்ற தமிழ்-பிராமி எழுத்தை நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் கண்டறிந்து வெளியிட்டது, சங்க காலத் தமிழ் அரசர்கள் பெயர் பொறித்த காசு வெளியிட்டதற்குச் சான்றானது. பிராமி எழுத்தில் ஒரு சிறு கோடு இருக்கிறதா இல்லையா என்பதே உயிர்க்குறியை மாற்றும். ஒளிக்கு இணையாக ஓடி மறைந்த ஒரு கோடு, ஒரு பெயரையே வேறாக்கிவிடும். புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த 501 ரோமத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவை, பேரரசரின் தலைமேல் வேண்டுமென்றே வெட்டப்பட்டவை. வெட்டின் சுவர் செங்குத்தா, சரிவா, உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்பதைத் தாழ்ந்த ஒளியின் நிழல்தான் சொல்லும். வெள்ளைப் பெட்டிக்குள் அது வெறும் கோடு.

அறிவியல் உலகம் எடுத்த திசையும் இதையே உறுதி செய்கிறது. ஹியூலட்-பேக்கர்ட் ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் 2001-இல் வெளியிட்ட முறையில், கேமராவை அசையாமல் நிறுத்தி விளக்கை மட்டும் பல திசைகளுக்கு மாற்றிப் படங்கள் எடுக்கிறார்கள். கணினி அவற்றைச் சேர்த்து, பார்ப்பவர் திரையில் ஒளியை விருப்பம்போல் நகர்த்திப் பார்க்க வழி செய்கிறது. கல்வெட்டுக்கும் களிமண் பலகைக்கும் காசுக்கும் அருங்காட்சியகங்கள் இதைக் கையாள்கின்றன. தேய்ந்த எழுத்தைப் படிக்க அவர்கள் பெருக்கியது வெளிச்சத் திசைகளை. இன்னும் பின்னோக்கிப் போனால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் மியூசியம் வெளியிட்ட நாணயப் பட்டியல்களின் படங்கள், காசிலிருந்து எடுத்த பிளாஸ்டர் வார்ப்புகளைப் படமெடுத்தவை. பளபளப்பில்லாத வெள்ளை வார்ப்பில் ஒளியும் நிழலும் சுத்தமாக விழும் என்பதே காரணம். நிறத்தையும் மினுக்கத்தையும் இழந்தாலும் எழுத்தையும் உருவத்தையும் அந்தப் படங்கள் இன்றுவரை தெளிவாகத் தருகின்றன. அவற்றை எடுத்தவர்களிடம் மெகாபிக்சல் இல்லை.

கேமராவை நிறுத்தும் முறைக்கும் இதே கறார் தேவை. 22 மி.மீ. காசு ஒரே ஒரு பாகை சாய்ந்தால் ஒரு ஓரம் மற்றதைவிட 0.38 மி.மீ. உயர்ந்துவிடும். எஃப் 5.6-இல் இருக்கும் மொத்த ஆழம் 0.35 மி.மீ. ஆகவே கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு, படத்தின் ஓர் ஓரத்தை மங்கலாக்கப் போதும். அந்த மங்கலைப் பார்த்து லென்ஸைக் குறை சொல்லி மாற்றுபவர் பலர். சாய்வைச் சரிபார்க்கச் சிறு முகக்கண்ணாடித் துண்டு போதும். காசு வைக்கும் இடத்தில் அதைக் கிடத்தி, லைவ் வியூ திரையில் லென்ஸின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். லென்ஸின் வட்டம் திரையின் நட்டநடுவில் விழுந்தால் கேமரா நேராக நிற்கிறது. விலகினால் சாய்ந்திருக்கிறது. முக்காலியை விரித்துக் கேமராவைக் கவிழ்ப்பதைவிடச் செங்குத்துத் தூண் உள்ள காப்பி ஸ்டாண்டு உறுதியானது. பழைய என்லார்ஜரின் தலையைக் கழற்றினால் மிஞ்சும் தூணும் பலகையும் அதே வேலையைச் செய்யும்.

அசைவுக்குக் காரணங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன: தலைக்கு மேல் சுற்றும் விசிறி, ஆடும் மேசைக்கால், பொத்தானை அழுத்தும் விரல். விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு நொடி டைமரோ ரிமோட்டோ வைத்து எடுக்க வேண்டும். கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். என்றால் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். பதினைந்தில் ஒரு நொடி முதல் அரை நொடி வரையுள்ள ஷட்டர் வேகங்களில்தான் கண்ணாடியின் உதறல் மிகுதியாகப் பதிகிறது.

அமைப்புகளில் தானியங்கி முறை முழுவதையும் அணைத்துவிட வேண்டும். வெள்ளைக் காகிதத்தின் மேல் காசு வைத்தால் கேமரா மொத்தக் காட்சியையும் மங்கலாக்கிக் காசைக் கறுக்கச் செய்யும். கறுப்புத் துணியில் வைத்தால் நேர்மாறாக வெளுக்கும். மேனுவல் (‘எம்’) முறையில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6 அல்லது 8 என்று நிறுத்தி, வெள்ளியின் மினுக்கம் வெளுத்துப் போகாத வரை ஷட்டரை மட்டும் கூட்டிக் குறைக்க வேண்டும். நிறத்துக்கு, அதே விளக்கின் கீழ் ஒரு சாம்பல் அட்டையைப் படமெடுத்து ஒயிட் பேலன்ஸை அமைக்க வேண்டும். சன்னல் வெளிச்சமும் விளக்கும் கலந்தால் எந்த அமைப்பும் சரியாகாது. மின்கம்பியில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. வேகமான ஷட்டரில், குறிப்பாக எலக்ட்ரானிக் ஷட்டரில், அது படத்தில் பட்டைகளாக விழும். ஐம்பதில் ஒரு நொடிக்கும் மெதுவாக எடுத்தாலோ, பேட்டரியில் எரியும் நல்ல விளக்கு வைத்தாலோ இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மின்தடை வந்தாலும் வேலை நிற்காது. காசைச் சிறு குச்சியின் மேலோ பாட்டில் மூடியின் மேலோ உயர்த்தி வைத்தால் அதன் நிழல் பின்னணியில் விழாது. அளவுகோல் வைப்பதென்றால் காசின் முகத்தோடு ஒரே உயரத்தில் வைக்க வேண்டும். 15 செ.மீ. தூரத்தில் எடுக்கும்போது அளவுகோல் 2 மி.மீ. தாழ்ந்திருந்தாலே அளவு ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகும்.

செல்போன் எதற்கும் ஆகாது என்ற பேச்சு, விலை உயர்ந்த கேமராவே வேண்டும் என்ற வாதத்தின் மறுமுனை. 12 மெகாபிக்சல் போனை ஸ்டாண்டில் 15 செ.மீ. உயரத்தில் வைத்து, இரு மடங்கு லென்ஸில் எடுத்தால் ஒரு ரூபாய்க் காசின் குறுக்கே ஏறத்தாழ 850 பிக்சல் விழும். அங்குலத்துக்கு 300 புள்ளியில் அது 7 செ.மீ.; காசைப்போல் மூன்று மடங்கு. கட்டுரைக்கும் பதிவேட்டுக்கும் அது போதுமானது. போன் தோற்பது வேறு இடங்களில். மேக்ரோ என்று போட்டால் இரண்டு மூன்று செ.மீ. வரை நெருங்கித் தன் நிழலைத் தானே போடும், எச்.டி.ஆர். நிழலை நிரப்பிப் புடைப்பைத் தட்டையாக்கும். மென்பொருள் கூர்மையாக்கும்போது இல்லாத விளிம்புகளை உண்டாக்கும். புரோ முறைக்குப் போய் இவற்றை அணைத்தால் பெரும்பகுதி சரியாகும். அணைக்க முடியாத போனில் எடுத்த படத்தைக் கொண்டு ஐயத்துக்குரிய எழுத்தைப் படிக்கக் கூடாது. ஸ்கேனருக்கும் எல்லை உண்டு: அதன் விளக்கு ஒரே திசையில் நிலைத்தது, மலிவான மெல்லிய வகையில் ஆழம் இல்லவே இல்லை. விரைவான பட்டியலுக்குப் பயன்படும், வாசிப்புக்குப் பயன்படாது.

படம் பளிச்சென்று வர வேண்டும் என்று காசைப் புளியாலும் எலுமிச்சையாலும் பாத்திரம் தேய்க்கும் பொடியாலும் விளக்குவது எல்லாவற்றிலும் பெரிய கேடு. பூசைச் செம்புக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால், நூற்றாண்டுகளாகப் படிந்து உலோகத்தைக் காத்த மேற்படலம் அமிலத்தில் கரைந்து போகும். அதோடு எழுத்தின் விளிம்பும் உருண்டுவிடும். வெளுத்த செம்பு ஒளியைச் சிதறடித்து முன்பைவிடப் படமெடுக்கக் கடினமாகிறது. காசின் மதிப்பும் வரலாற்றுச் சான்றும் திரும்பி வருவதில்லை. வெளிச்சத்தை மாற்றத் தெரியாத குறையை, காசை மாற்றித் தீர்க்கக் கூடாது.

விலை உயர்ந்த கருவி வாங்குபவர் மறக்கும் இன்னொன்று தட்பவெப்பம். புதுச்சேரிக் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது வழக்கமான இழப்பு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்தும் பழக்கம், இவை லென்ஸின் ஆயுளைக் கூட்டும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்த காசின் மேலும் லென்ஸின் மேலும் நீர்த்துளி படியும். அது காய்ந்த பிறகே தொட வேண்டும். காசை எப்போதும் ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கேமராவில் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவை விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுபவை அல்ல. லென்ஸைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். எல்லா அமைப்புகளையும் கையால் நிறுத்த முடிய வேண்டும். லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்க முடிய வேண்டும். ரா கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதிராத ஷட்டரும் கேபிளிலோ கணினியிலோ இயக்கும் வசதியும் இருந்தால் நல்லது. பத்தாண்டுப் பழைய டி.எஸ்.எல்.ஆர்.களிலும் மிரர்லெஸ்களிலும் இவை இருக்கின்றன. மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் காசுகளைப் பதிவு செய்யும் அருங்காட்சியகத்துக்கோ, காசின் சிறு பகுதியைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கும் பதிப்பகத்துக்கோ புதிய உயர்ரகக் கேமரா தேவைப்படலாம். அங்கும் அது ஸ்டாண்டும் விளக்கும் சரியாக அமைந்த பிறகே தன் விலைக்கு வேலை செய்யும். மற்றவர்கள் செலவிட வேண்டிய வரிசை இது: முதலில் ஆடாத ஸ்டாண்டு, அடுத்து நகர்த்தக்கூடிய இரண்டு விளக்குகள், அதன்பின் நெருங்கி எடுக்கும் லென்ஸ், மிஞ்சியதில் கேமரா.